ஒரு பக்கம் மினுங்கணும்

ஓட்டலுக்கு அடியில், வெயில் எட்டாத இரண்டாம் நிலவறையில்
எட்டு மணி நேரமும் எனக்கு வெள்ளைதான்.
படுக்கை விரிப்பு, தலையணை உறை, குளியல் துண்டு,
யாரோ அழுத வெள்ளை, யாரோ
மீகோரெங் கொட்டிவிட்டு மடித்து மறைத்த வெள்ளை.
எழுபது டிகிரி. துவைக்கையில் காரம்,
கடைசி அலசலில் துளி அமிலம்.
உதட்டுச்சாயத்தைத் தேய்த்தால் பரவும், ஒற்றினால் வரும்.
மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து,
இங்கே வெயில் ஏது, பெராக்சைடை ஊற்று.
சிவப்பு ஒயினைக் கண்டதும் வெந்நீரைத் திறக்காதே.
திறந்து முப்பது மேசை விரிப்பைக் கெடுத்தவள் நான்தான்,
முதல் மாதம்.

வீட்டில், புக்கிட் பாத்தோக்கில், பதினோராம் மாடியில்
ஒரே ஒரு வெள்ளைக் கால்சட்டை.
நறுமுகையுடையது. வேகப்பந்து வீசுகிறாள்.
முதல் முறை அந்தச் சிவப்பைப் பார்த்தபோது
நாட்காட்டியில் தேதி எண்ணினேன்.
கறையோ இடது தொடையில், முன்பக்கம்.
"பந்தைத் தேய்ச்சதும்மா. ஒரு பக்கம் மினுங்கணும்,
இன்னொரு பக்கம் சொரசொரன்னு இருக்கணும்.
அப்பதான் காத்துல திரும்பும்."
இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான்
எனக்குச் சம்பளம்.
அவளிடம் சொல்லவில்லை.

ஓட்டல் சுவரில் ஒட்டியிருக்கும் கறைப் பட்டியலில்
கிரிக்கெட் பந்து இல்லை.
பாத்திரம் கழுவும் சோப்பு போடு என்றாள் காக் ரொஹானா.
ஆக்சிஜன் தூள் என்றேன் நான்.
ஒரு வாரம் வாதாடினோம், இரண்டு பேர் சொன்னதும் சரி,
வரிசைதான் தெரியவில்லை.
முதலில் மெழுகு. பிறகு சாயம்.
குளோரின் பக்கமே போகக் கூடாது,
பாலியெஸ்டர் பழைய பல் நிறத்துக்குப் போய்விடும்.
வெதுவெதுப்பான நீரில் ராத்திரி முழுக்க ஊறட்டும்.
ஞாயிறு காலை மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டினால்
கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்தே தெரியும்
எங்கள் வீடு எது என்று.
மேல்வீட்டு மிஸ்டர் குவெக் ஈர மாப்பைச் சொட்டவிட்டால்
அன்றைக்கு மட்டும் சன்னலில் தலைநீட்டிக் கத்துவேன்.
மற்ற ஆறு நாளும் சொட்டட்டும்.

போன சனிக்கிழமை இருட்டிய பிறகு வந்தாள்.
பை கதவோரம்.
சோறு?
சாப்டாச்சு.
அறைக் கதவு.

பையைத் திறந்தேன்.
தொடையில் ஒன்றும் இல்லை.
முழங்காலில் புல் இல்லை.
நான் இஸ்திரி போட்ட மடிப்பு
கத்தி மாதிரி அப்படியே இருக்கிறது.
கால் விளிம்பில் ஆரஞ்சுப் பானம் ஒரு துளி,
யாருக்கோ போத்தல் தூக்கிக்கொண்டு ஓடியபோது சிந்தியிருக்கும்.
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம், பெஞ்சுப் பலகையின் இடைவெளிகள்
மூன்று சாம்பல் கோடுகளாக.

பதினாறு வருடம் கறை பார்த்து அறைக்குள் நடந்ததைச் சொன்னவள் நான்.
தேனிலவு, காய்ச்சல், சண்டை, தனியாகக் குடித்த முதியவர்.
கறையே இல்லாததை முதல் முறை படித்தேன்.

இருந்தாலும் வாளியில் நீர் பிடித்தேன்.
தூளை எவ்வளவு போடுவது?
அரைக் கரண்டி அள்ளி, பாதியைத் திருப்பிக் கொட்டி,
பிறகு எப்போதும் போல் முழுதாகவே போட்டேன்.
கை நனைந்தபடி நின்றேன்.
அறைக்குள் டப், டப்.
ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பந்து.
ஒரு மணிக்கும் கேட்டது.

காலையில் அவள் படுக்கையை உதறினேன்.
ஓட்டலில் கழித்துவிட்டதென்று நான் எடுத்து வந்த தலையணை உறை,
ஓரம் பிரிந்தது, ஆனாலும் பளிச்.
அதன் நடுவில்
ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புத் தீற்று.

உறையைக் கழற்றி எடுத்துப் போனேன்.
முதலில் மெழுகு.